டா என்பது நெடில் அல்ல

“வயர்லெஸ் வச்சிருக்கீங்களாமே?” என்று கேட்டபடியேதான் அந்த ஏட்டையா கடைக்குள் வந்தார்.

“இன்னும் வைக்கல சார். வைக்கிறதுக்குத்தான் லைசென்ஸ் கேட்டிருக்கேன்.”

“எதுக்கு?”

“பேசுறதுக்கு.”

“யார்கிட்ட?”

“யார் கிடைக்காங்களோ அவங்ககிட்ட.”

இந்தக் கடைசிப் பதிலைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். பாளையங்கோட்டையில் ஒரு சின்ன கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை என்னுடையது. மேசை முழுக்கக் குடலைப் பிரித்துப் போட்டதுபோல் மதர்போர்டும் வயருமாகக் கிடந்தது. அதையெல்லாம் ஒரு சுற்று பார்த்துவிட்டு, “போன்ல பேசுனா ஆகாதா தம்பி?” என்று கேட்டார். டீ வாங்கிக் கொடுத்தேன். ஹாம் ரேடியோ என்றால் சொந்தமாக ரேடியோ நிலையம் வைத்து, முன்பின் தெரியாதவர்களோடு பொழுதுபோக்காகப் பேசுவது, அதைச் செய்கிறவர்களை ஹாம் என்றும் அமெச்சூர் என்றும் சொல்வார்கள் என்று பத்து நிமிடம் விளக்கினேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டார். கிளம்பும்போது மகளுடைய லேப்டாப்பில் இரண்டு பட்டன் வேலை செய்யவில்லை என்றார். போலீஸ் சரிபார்ப்பு இப்படியாக முடிந்தது. இது 2014.

போனில் பேசினால் ஆகாதா என்ற கேள்வி மட்டும் இன்னும் முடியவில்லை. மாமனார் கேட்டிருக்கிறார், மாடி வீட்டுக்காரர் கேட்டிருக்கிறார், மொட்டைமாடியில் கம்பி கட்டும்போது கொடிக்கயிறு எங்கே போனது என்று தேடிவந்த மனைவி பலமுறை கேட்டிருக்கிறாள்.

எனக்கு இந்தக் கிறுக்கு பிடித்தது சுனாமியின்போது. 2004 டிசம்பரில் டெல்லியைச் சேர்ந்த பாரதி பிரசாத் என்ற ஹாம் ஒரு குழுவோடு போர்ட் பிளேர் போயிருந்தார். அந்தமானிலிருந்து அமெச்சூர் ஒலிபரப்பு பல ஆண்டுகளாக இல்லை. வி.யு.4 என்று தொடங்கும் அந்தமான் அழைப்புக்குறியை (ரேடியோவில் ஒரு நிலையத்தின் பெயர் அது) பிடிக்க உலகமெங்கும் ஹாம்கள் தவம் கிடந்தார்கள். அவர்களுக்காக ஓட்டல் மாடியில் ஆன்டெனா கட்டி, இரவும் பகலும் பேசிக்கொண்டிருந்தவர்கள் 26-ஆம் தேதி காலை நிலம் ஆடியதும் வேலையை மாற்றிக்கொண்டார்கள். தொலைபேசி செத்துப்போன தீவிலிருந்து ‘இன்னார் உயிரோடு இருக்கிறார்’ என்ற செய்திகள் அந்த ரேடியோ வழியாகத்தான் கரைக்குப் போயின. நான் அப்போது கல்லூரியில் இருந்தேன். பேப்பரில் அதைப் படித்துவிட்டு, இப்படி ஒரு பெட்டி நம்மிடமும் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். நினைத்து பத்து வருடம் கழித்துத்தான் பரீட்சை எழுதினேன், அது வேறு கதை.

இந்தியாவில் இந்தப் பெட்டியை வைத்துக்கொள்ள மத்திய அரசின் உரிமம் வேண்டும். 12 வயது நிரம்பிய யாரும் பரீட்சை எழுதலாம். நான் எழுதிய காலத்தில் இருந்த விதிப்படி இரண்டு வகை: ரெஸ்ட்ரிக்டட், ஜெனரல். இரண்டுக்கும் எழுத்துத் தேர்வு உண்டு. ஒரு பகுதி ரேடியோ எப்படி வேலை செய்கிறது என்பது, இன்னொரு பகுதி விதிமுறைகள். ஓம் விதி, டிரான்சிஸ்டர், அயனிமண்டலம், எதைப் பேசலாம், எதைப் பேசக்கூடாது. கொஞ்சம் உட்கார்ந்து படித்தால் யாருக்கும் வரும். ரெஸ்ட்ரிக்டட் அதோடு முடிந்தது. ஜெனரல் வேண்டுமென்றால் கூடுதலாக மோர்ஸ், அதாவது எழுத்துகளைப் புள்ளியும் கோடுமான ஒலியாக மாற்றி அனுப்பும் பழைய தந்தி முறை: நிமிடத்துக்கு 8 சொல் வேகத்தில் கேட்டு எழுதவும் வேண்டும், அடிக்கவும் வேண்டும்.

நான் ரெஸ்ட்ரிக்டட் எழுதினேன். மோர்ஸை மனசார வெறுத்தேன் என்றே சொல்லலாம். 2013 ஜூலையில் இந்தியத் தந்தி சேவையையே மூடிவிட்டார்கள். மூடிய கடையின் சாவியை எதற்குச் செய்யச் சொல்கிறார்கள் என்பது என் வாதம்.

வாதம் தப்பில்லை. மோர்ஸ் பரீட்சைக்குள் வந்ததற்கு ஒரு காலத்தில் நல்ல காரணம் இருந்தது. 1912-இல் டைட்டானிக் மூழ்கிய சில மாதங்களில் அமெரிக்கா ஒரு ரேடியோ சட்டம் போட்டது. அதுவரை இஷ்டத்துக்குப் பொறி தட்டிக்கொண்டிருந்த அமெச்சூர்களுக்கு உரிமம் கட்டாயமானது. கூடவே 200 மீட்டருக்குக் குறைந்த அலைநீளங்களுக்கு அவர்களைத் தள்ளிவிட்டார்கள். அன்றைக்கு அது ஒன்றுக்கும் உதவாது என்று எண்ணப்பட்ட இடம். புறம்போக்கு நிலத்தைக் கொடுத்தார்கள், அதில்தான் தண்ணீர் இருந்தது. கடல் தாண்டிப் போவது அந்தக் குறைந்த அலைநீளத்துச் சிற்றலைதான் என்று பத்துப் பன்னிரண்டு வருடத்துக்குள் அந்த அமெச்சூர்களே காட்டிவிட்டார்கள். சிற்றலைக்கு நாட்டு எல்லை தெரியாது. கப்பலும் கரையும் மோர்ஸில் பேசிக்கொண்ட காலத்தில், ‘குறுக்கே நிற்கிறாய், விலகு’ என்று ஒரு கரை நிலையம் அதட்டினால் அது அமெச்சூருக்குப் புரிந்தாக வேண்டும். ஆகவே மோர்ஸ் தெரியாதவனுக்குச் சிற்றலை இல்லை என்பது சர்வதேச விதியாகவே இருந்தது.

அந்தக் காலத்து மோர்ஸுக்கு எவ்வளவு கனம் இருந்தது என்பதற்கு நம் ஊர்க் கதையே ஒன்று உண்டு. 1914 செப்டம்பர் 22-ஆம் தேதி இரவு சென்னையைச் சுட்டுவிட்டுப் போன ஜெர்மன் கப்பல் எம்டன். நம்மிடம் அது ஒரு சொல்லாகவே தங்கிவிட்டது. ‘அவன் சரியான எம்டன்’ என்று சொல்கிற பாதிப்பேருக்கு அது கப்பலின் பெயர் என்பதே தெரியாது. இந்தியப் பெருங்கடல் முழுக்க ஆட்டம் காட்டிய அந்தக் கப்பலை மாட்டிவிட்டது ஒரு மோர்ஸ் செய்தி. நவம்பர் 9-ஆம் தேதி கோகோஸ் தீவுகளில் இருந்த தந்தி நிலையத்தை அழிக்க எம்டன் ஆட்களை இறக்கியது. அதற்குள் அங்கிருந்த தந்திக்காரர்கள் ‘அடையாளம் தெரியாத கப்பல் வந்திருக்கிறது’ என்று வயர்லெஸில் தட்டிவிட்டார்கள். எம்டன் தன் டிரான்ஸ்மிட்டரைப் போட்டு இரைச்சலால் அமுக்கப் பார்த்தது, முடியவில்லை. ஐம்பது மைல் சொச்சம் தள்ளிப் போய்க்கொண்டிருந்த ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் சிட்னியின் காதில் அது விழுந்தது. அன்றோடு எம்டன் கதை முடிந்தது.

அப்புறம் செயற்கைக்கோள் வந்தது. 1997 ஜனவரி கடைசி நாளில் பிரெஞ்சுக் கடற்படை மோர்ஸை நிறுத்தியபோது, ‘எல்லோருக்கும் அழைப்பு. எங்கள் நிரந்தர மௌனத்துக்கு முன் இதுவே எங்கள் கடைசிக் குரல்’ என்று அடித்துவிட்டு ஓய்ந்தது. 1999 பிப்ரவரியோடு உலகக் கப்பல் போக்குவரத்தே மோர்ஸைக் கைவிட்டது. 2003-இல் ஜெனீவாவில் கூடிய உலக மாநாடு, அமெச்சூர்களுக்கு மோர்ஸ் வேண்டுமா வேண்டாமா என்பதை அந்தந்த நாடே முடிவு செய்யட்டும் என்று விட்டுவிட்டது. பிரிட்டன் அதே ஆண்டு எடுத்துவிட்டது. அமெரிக்கா 2007 பிப்ரவரியில் எடுத்தது. இந்தியா வேகத்தைக் குறைத்ததே தவிர எடுக்கவில்லை. முன்பு முதல் கிரேடுக்கு நிமிடத்துக்கு 12 சொல், இரண்டாம் கிரேடுக்கு 5 என்று இருந்ததை, ஜெனரலுக்கு மட்டும் 8 என்று ஆக்கினார்கள்.

ஆக, ரெஸ்ட்ரிக்டட் உரிமத்தில் வி.யு.3 என்று தொடங்கும் அழைப்புக்குறியை வாங்கிக்கொண்டு நிம்மதியாகப் பேசிக்கொண்டிருந்தேன். ஜெனரல் ஆசை வந்தது 400 வாட்டுக்காக. ரெஸ்ட்ரிக்டடுக்கு 50 வாட்தான் வரம்பு. என் குரல் எங்கேயும் எடுபடவில்லை, வாட் போதவில்லை என்று நினைத்துக்கொண்டேன். 400 வாட் வேண்டுமானால் மோர்ஸ் படி என்றது சட்டம். சரி, தொலையட்டும் என்று ஒரு அட்டையில் புள்ளியும் கோடுமாக 26 எழுத்தையும் எழுதிக் கடைச் சுவரில் ஒட்டினேன். வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் கல்லாப்பெட்டியின் மேல் பேனா மூடியால் தட்டிக்கொண்டிருப்பேன்.

அண்ணாச்சி வந்தது அப்படி ஒரு மத்தியானம். பேரனுடைய லேப்டாப் சார்ஜர். எழுபத்தைந்து வயதிருக்கும், வெள்ளை அரைக்கைச் சட்டை, காது கொஞ்சம் மந்தம். நான் சொன்ன விலையை மூன்று தரம் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. பணத்தை எண்ணி வைத்துவிட்டு, கிளம்பாமல் நின்றார்.

“நீ அடிச்சது எஃப் இல்லடே. எல்.”

மோர்ஸில் புள்ளியை டி என்றும் கோட்டை டா என்றும் சொல்வோம். எஃப் என்பது டி டி டா டி. எல் என்பது டி டா டி டி. ஒன்றைத் திருப்பிப் போட்டால் மற்றது. காது கேட்காத கிழவருக்குப் பேனா மூடித் தட்டலில் இந்த வித்தியாசம் எப்படிக் கேட்டது என்று எனக்கு ஆச்சரியம். முப்பத்தெட்டு வருடம் தந்தி ஆபீஸில் வேலை பார்த்தவர் என்று அப்புறம்தான் தெரிந்தது. தெற்கே பல சிற்றூர்களில் அவர்தான் தந்திக்காரர். சாவுச் செய்தியை முதலில் தெரிந்துகொள்பவர். வீட்டாருக்கு முன்னால் தனக்குத் தெரிந்துவிடுவது கடைசிவரை பழகவில்லை என்று ஒருமுறை சொன்னார்.

அவர் முதலில் செய்தது சுவரில் இருந்த அட்டையைக் கிழித்தது. கேட்காமலேயே கிழித்தார். எனக்குக் கோபம்தான் வந்தது. அதில் இருக்கிற விஷயம் பல மாதம் கழித்துப் புரிந்தது. புள்ளி, கோடு என்று கண்ணால் படித்தவன் காதில் விழுந்ததை மனசுக்குள் புள்ளியும் கோடுமாக வரைந்து, அதைச் சுவர் அட்டையில் தேடி, எழுத்தாக்கி எழுதுவான். அதற்குள் அடுத்த இரண்டு எழுத்து போய்விடும். ‘அ’ என்று யாராவது சொன்னால் நாம் அதன் சுழியையா நினைக்கிறோம்? 1930-களிலேயே கோக் என்ற ஜெர்மன் உளவியலாளர் இதைச் சொல்லிவிட்டார். முதல் நாளே முழு வேகத்தில் இரண்டே இரண்டு எழுத்தைக் கேள், பத்துக்கு ஒன்பது சரியாக வந்தால் மூன்றாவதைச் சேர் என்பது அவர் முறை. இன்றைக்கு இணையத்தில் இருக்கும் மோர்ஸ் பயிற்சித் தளங்கள் பலவும் அந்த வழியில்தான் போகின்றன. அண்ணாச்சிக்குக் கோக்கைத் தெரியாது. அட்டையைக் கிழிக்கத் தெரிந்திருந்தது.

அடுத்த தகராறு டா-வில் வந்தது. என் டா குட்டையாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

“குறில் எத்தன மாத்திரை?”

“ஒண்ணு.”

“டி-ங்கிறது குறில். அப்ப டா?”

“நெடில். ரெண்டு.”

“அங்கதான் தப்பு பண்ணுத. டா நெடில் இல்ல. மூணு மாத்திரை. அளபெடை.”

பத்தாம் வகுப்பில் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்து, பரீட்சை ஹாலைத் தாண்டியதும் மறந்துபோன சங்கதி. எடுப்பதூஉம், கெடுப்பதூஉம் என்று நெட்டெழுத்துக்குப் பக்கத்தில் ஒரு குட்டெழுத்து ஒட்டிக்கொண்டு நிற்குமே, அதுதான். இரண்டோடு ஒன்று, மூன்று. மோர்ஸின் சர்வதேச அளவும் அதேதான். புள்ளி ஓர் அலகு, கோடு மூன்று அலகு. கண் இமைக்கும் நேரம், கைநொடிக்கும் நேரம் என்று மாத்திரைக்கு அளவு சொன்ன மொழிக்காரனுக்கு இது அந்நியமாக இருந்திருக்கவே கூடாது. டா-வை டாஅ என்று மனசுக்குள் இழுக்க ஆரம்பித்த நாளிலிருந்து என் கை திருந்தியது.

ஆனால் யாப்பில் இல்லாத ஒன்று இதில் உண்டு. சும்மா இருப்பதற்கும் அளவு. ஓர் எழுத்துக்குள் புள்ளிக்கும் கோட்டுக்கும் நடுவே ஓர் அலகு மௌனம், எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே மூன்று, சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே ஏழு. ‘பாரிஸ்’ என்ற சொல்லை ஆங்கிலத்தில் அடித்தால், பின்னால் வரும் மௌனத்தையும் சேர்த்துச் சரியாக 50 அலகு. அதைத்தான் ஒரு சொல் என்று கணக்கில் வைத்திருக்கிறார்கள். நிமிடத்துக்கு 8 சொல் என்றால் 400 அலகு, ஒரு டி-க்கு 150 மில்லி செகண்ட். புதிதாகப் படிப்பவர்கள் கெடுத்துவைப்பது பெரும்பாலும் சத்தத்தை அல்ல, இந்த மௌனத்தைத்தான். ஒரு எழுத்தை அடித்துவிட்ட சந்தோஷத்தில் அடுத்ததை அதன்மேல் ஏற்றிவிடுவோம். கேட்கிறவனுக்கு டி-யும் டா-வும் சேர்ந்து வேறு எழுத்தாகிவிடும். அண்ணாச்சி இந்த இடத்தில் மட்டும் என்னைத் திட்டியதே இல்லை. கையை உயர்த்திக் காட்டுவார், பஸ்ஸை நிறுத்துவதுபோல.

அவருக்கும் ஒரு சிக்கல் இருந்தது. தந்தி ஆபீஸில் அவர் கேட்டது ரேடியோவில் வருகிற ‘பீப்’ சத்தமே அல்ல. அங்கே சவுண்டர் என்று ஒரு பித்தளைக் கருவி. கரண்ட் வந்தால் ஒரு ‘கட்’, போனால் ஒரு ‘கடா’. இரண்டு தட்டலுக்கு நடுவில் இருக்கும் நேரத்தை வைத்துத்தான் புள்ளியா கோடா என்று தெரியும். சத்தம் போதாது என்று சவுண்டருக்குப் பின்னால் தகர டப்பாவைச் செருகி வைப்பார்களாம். ரேடியோவின் பீப்பை முதன்முதலில் கேட்டபோது, “இது என்னடே, விசில் அடிச்ச மாதிரி இருக்கு” என்று முகத்தைச் சுளித்தார். இரண்டு நாள் திணறினார். மூன்றாம் நாள் என்னோடு பேசிக்கொண்டே எழுத ஆரம்பித்துவிட்டார். காதில் ஓடுவதற்கு மூன்று சொல் பின்னால் கை ஓடும், அதற்கிடையில் டீக்குச் சர்க்கரை போடவில்லை என்று புகாரும் சொல்வார்.

தந்தியில் வாழ்த்துச் செய்திகளுக்கு எண் இருந்தது நினைவிருக்கிறதா? தீபாவளிக்கு ஒன்று, கல்யாணத்துக்கு ஒன்று, தேர்தலில் ஜெயித்தவருக்கு ஒன்று. அனுப்புகிறவர் எண்ணைச் சொன்னால் போதும், வாங்குகிற ஆபீஸில் முழு வாசகமாக எழுதித் தருவார்கள். கல்யாணப் பந்தலில் மைக்கில் வரிசையாக வாசிப்பார்களே, அதெல்லாம் வெறும் எண்ணாகத்தான் கம்பியில் வந்தவை. ஹாம்களிடமும் அதேபோல் ஒன்று மிச்சமிருக்கிறது. 73 என்றால் ‘அன்பு வணக்கம்’. டா டா டி டி டி, டி டி டி டா டா. எந்தப் பக்கமிருந்து கேட்டாலும் ஒன்றுதான். இதைச் சொன்னதும் அண்ணாச்சி கையைத் தட்டிச் சிரித்தார்.

ஏழு மாதம் ஆயிற்று எனக்கு. ஓர் இரவு நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறிச் சென்னைக்குப் போனேன். மோர்ஸ் பரீட்சையின் விதிகளைப் படித்தபோது என்னைப் பயமுறுத்தியது வேகம் அல்ல. 200 எழுத்து, ஐந்து நிமிடம், ஐந்து பிழைக்கு மேல் போனால் தோல்வி, அதெல்லாம் சரி. பேனாவாலும் எழுதலாம், பென்சிலாலும் எழுதலாம், ஆனால் கையெழுத்து மோசமாக இருந்தாலோ அடித்துத் திருத்தினாலோ தகுதி இழக்க நேரிடும் என்று ஒரு வரி இருந்தது. என் கையெழுத்தை என் மனைவியே மளிகைக் கடைக்குப் போனில் படம் எடுத்து அனுப்பி, ‘இது பருப்பா பரோட்டாவா’ என்று கேட்டு வாங்குகிறவள். ரயிலில் தூங்காமல் பெரிய எழுத்தாக ஏ, பி, சி, டி எழுதிப் பழகிக்கொண்டு போனேன்.

ஹெட்போனைக் கொடுத்தார்கள். முதலில் ஒரு நிமிடம் பழகுவதற்கு. அந்த ஒரு நிமிடத்தில் என் உயிர் போய்விட்டது. அண்ணாச்சி எழுத்தை வேகமாக அடித்து, எழுத்துகளுக்கு நடுவே நீண்ட இடைவெளி விட்டுப் பழக்கியிருந்தார். இங்கே எழுத்தே மெதுவாக வந்தது. ஒரு டி-க்கும் அடுத்த டி-க்கும் நடுவே வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்துவிடலாம்போல் இருந்தது. தெரிந்தவர் ஒருவர் திடீரென்று ஒவ்வோர் எழுத்தாகப் பிரித்துப் பேசினால் எப்படி இருக்கும்? பரீட்சை ஆரம்பித்தபோது கண்ணை மூடிக்கொண்டு எழுதினேன். எங்கோ ஓர் அரைப்புள்ளி வந்தது, விட்டுவிட்டேன். விட்டதைத் தேடிப் போகாதே, போனது போகட்டும், அடுத்ததைப் பிடி என்று அண்ணாச்சி ஆயிரம் முறை சொல்லியிருந்தார். பாஸ்.

இனிமேல் சொல்லப்போவது பரீட்சை வைத்தவர்கள் யோசித்துப் பார்க்க வேண்டிய வேடிக்கை. ஜெனரலுக்குரிய வி.யு.2 அழைப்புக்குறி வந்தது, 400 வாட்டுக்கு அனுமதி வந்தது. நான் இன்றுவரை 400 வாட் கருவி வாங்கவில்லை. வாங்கத் தேவையில்லாமல் போய்விட்டது.

காரணம் எளிது. குரலை ரேடியோவில் அனுப்பச் சிக்கனமான முறையில்கூட 2,400 ஹெர்ட்ஸ் அளவுக்கு இடம் வேண்டும். மோர்ஸுக்கு 150 ஹெர்ட்ஸ் போதும், பதினாறில் ஒரு பங்கு. நாம் கேட்கும் கதவு எவ்வளவு அகலமோ அவ்வளவு இரைச்சலும் உள்ளே வரும். கதவை ஒருக்களித்துவிட்டால் இரைச்சல் வெளியே நின்றுவிடும், சின்னச் சத்தமும் தனியாகக் கேட்கும். நான் பயன்படுத்துவது 5 வாட். நம் வீடுகளில் இரவில் எரிந்த ‘ஜீரோ வாட்’ பல்பு இருக்கிறதே, அதுவே பன்னிரண்டு பதினைந்து வாட் இழுக்கும். அதில் மூன்றில் ஒரு பங்கை வைத்துக்கொண்டு மொட்டைமாடிக் கம்பியிலிருந்து ஜப்பானோடு பேசினேன். இங்கிருந்து டோக்கியோ ஏறத்தாழ 6,900 கிலோமீட்டர்.

அந்த முதல் தொடர்பில் என் கை நடுங்கியது. டா டி டா டி, டா டா டி டா என்று பொது அழைப்பை ஒரு மாலை நேரத்தில் விட்டுவிட்டு, யாரும் வரமாட்டார்கள் என்ற தைரியத்தில் உட்கார்ந்திருந்தேன். வந்துவிட்டார். என் அழைப்புக்குறியை அவர் அடித்தபோது, என் பெயரைத் தெருவில் யாரோ கூப்பிட்டதுபோலத் திரும்பிப் பார்த்தேன். அவர் வேகக்காரர் என்பது முதல் இரண்டு எழுத்திலேயே தெரிந்தது. நான் தட்டுத்தடுமாறிப் பதில் அடித்ததும் அவர் என் வேகத்துக்கு இறங்கிவந்தார். மோர்ஸில் இது எழுதாத வழக்கம். கூப்பிடுகிறவன் எந்த வேகத்தில் வருகிறானோ அதற்கு மேல் போகக் கூடாது. குழந்தையோடு நடக்கும்போது நடையைச் சுருக்கிக்கொள்வோமே, அப்படி. நான் என் ஊர்ப் பெயரை மூன்று முறை தப்பாக அடித்தேன். தப்பு என்பதற்கு எட்டு டி. மூன்றாவது எட்டு டி முடிந்ததும் அவர் டி டி டி டி, டி டி என்றார். அது மோர்ஸில் சிரிப்பு.

மோர்ஸைத் தூக்கிப் பிடிக்கிறவர்கள் இந்த இடத்தில் ஒன்றை மறைப்பார்கள். சின்ன வாட்டில் தூரம் போவதுதான் பெருமை என்றால் இன்றைக்கு மோர்ஸ் முதலிடத்தில் இல்லை. 2017-இல் எஃப்.டி.8 என்ற கணினி முறை வந்தது. அதை உருவாக்கியவர்களில் ஒருவர் ஜோ டெய்லர், இயற்பியலுக்கு 1993-இல் நோபல் வாங்கியவர். பதினைந்து பதினைந்து விநாடியாகக் கணினியும் கணினியும் பேசிக்கொள்ளும். மனிதக் காதுக்கு எட்டவே எட்டாத இரைச்சலுக்கு அடியிலிருந்து செய்தியை உருவிவிடும். நானும் கொஞ்ச நாள் ஓட்டினேன். ஒரே இரவில் பத்து நாடு சேர்ந்தது. காலையில் பட்டியலைப் பார்த்தேன். அந்தப் பத்துப் பேரில் ஒருவரும் சிரித்திருக்கவில்லை.

ஆகவே பரீட்சையில் மோர்ஸ் வேண்டுமா என்று என்னைக் கேட்டால், வேண்டாம் என்பேன். கஷ்டப்பட்டுப் பாஸ் செய்தவன் சொல்கிறேன், எடுத்துவிடலாம். நான் பட்டேன், நீயும் படு என்பது மாமியார் நியாயம். அதுவும் மோர்ஸ் தெரிந்தவனுக்கு வாட்டைக் கூட்டிக்கொடுப்பது, நீச்சல் தெரிந்தவனுக்கு மட்டும் மிதவை தருவதுபோல. பரீட்சையை எடுத்த நாடுகளில் மோர்ஸ் சாகவும் இல்லை. ஒவ்வொரு நவம்பர் கடைசி வார இறுதியிலும் ஓர் உலகப் போட்டி நடக்கிறது. மோர்ஸ் மட்டும்தான். அன்றைக்கு டயலைத் திருப்பினால் விரல் வைக்க இடம் இருக்காது. அதில் பலர் யாரும் கட்டாயப்படுத்தாமல் படித்தவர்கள்.

அண்ணாச்சி ஹாம் ஆகவில்லை. “பரீட்சை எழுதுங்க அண்ணாச்சி, கண்ணை மூடிட்டு பாஸ் ஆயிருவீங்க” என்று பலமுறை சொல்லிப் பார்த்தேன். “நான் அடிச்சதெல்லாம் அடுத்தவன் சேதி. எனக்குன்னு அடிக்க என்னடே இருக்கு?” என்றார். ஆனால் கேட்க வருவார். எனக்கும் ரேடியோ கேட்பது கரண்ட் போன ராத்திரிகளில்தான் பிடிக்கும். தெருவில் இருக்கும் எல்.இ.டி. பல்பு, இன்வெர்ட்டர், சார்ஜர் எல்லாம் சேர்ந்து சிற்றலையில் போடுகிற கூச்சல் கொஞ்சமில்லை. கரண்ட் போனதும் ஊரே ‘ச்சே’ என்று சொல்லும், நான் பேட்டரியை மாட்டிக்கொண்டு மாடிக்கு ஓடுவேன்.

அப்படி ஓர் இரவு 14.100 மெகாஹெர்ட்ஸில் இருந்தோம். அங்கே உலகைச் சுற்றி 18 நிலையங்கள் முறைவைத்து ஒலிக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் பத்து விநாடி, மூன்று நிமிடத்தில் ஒரு சுற்று. வந்ததும் தன் பெயரை மோர்ஸில் சொல்லும். பிறகு நாலு நீண்ட கோடு. முதல் கோடு 100 வாட், இரண்டாவது 10, மூன்றாவது 1, நாலாவது 0.1. எத்தனை கோடு கேட்கிறதோ அதை வைத்து அன்றைய வானம் எப்படி என்று தெரிந்துகொள்ளலாம். ஹாங்காங் வரும், அதற்கு அடுத்து கொழும்பு, அதற்கு அடுத்து தென்னாப்பிரிக்கா. இதில் எங்கள் ஊருக்குக் கொழும்புதான் பக்கம், முந்நூறு கிலோமீட்டர் சொச்சம். அதுதான் பெரும்பாலும் கேட்காது. அலை மேலே போய் அயனிமண்டலத்தில் பட்டுத் திரும்பி விழும்போது நம் தலைக்கு மேலாகத் தாண்டி எங்கோ போய் விழுகிறது. சூரியனின் ஆட்டம் உச்சத்தில் இருக்கும் ஆண்டுகளில், பூமியின் காந்த நடுக்கோடு ஓடுகிற எங்கள் வட்டாரத்தில், சில சாயங்காலங்களில் மட்டும் அதிசயமாக வந்துவிட்டுப் போகும். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் கிருஷ்ணாபுரத்தில் புவிகாந்தவியல் ஆய்வுக்கூடத்தை இந்த நடுக்கோட்டுக்காகத்தான் வைத்திருக்கிறார்கள்.

ஹாங்காங் வந்தது. பெயர், முதல் கோடு தெளிவாக, இரண்டாவது தெளிவாக, மூன்றாவது கொசு பாடுவதுபோல. அப்புறம் ஒன்றுமில்லை. அண்ணாச்சி ஹெட்போனின் ஒரு காதை இறுக அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் வீட்டு டிவி சத்தம் நாலு வீட்டுக்குக் கேட்கும், அவருக்குக் கேட்காது.

“நாலாவதும் இருந்துச்சுடே.”

“எனக்குக் கேக்கல அண்ணாச்சி.”

“இருந்துச்சு.”

கொழும்பின் பத்து விநாடி காலியாகப் போனது. இன்னும் மூன்று நிமிடம் பொறுத்தால் ஹாங்காங் மறுபடி வரும், பார்த்துவிடலாம் என்று இருவரும் பேசாமல் இருந்தோம். நான் வால்யூமைக் கூட்டினேன், அவர் வேண்டாம் என்று கையை உயர்த்தினார், பஸ்ஸை நிறுத்துவதுபோல. பின்லாந்து வந்தது, இரண்டு கோடு. தென் அமெரிக்கா ஒன்றும் வரவில்லை. ஹாங்காங்குக்கு அரை நிமிடம் இருக்கும்போது கீழே தெரு முழுக்க ‘ஏய்’ என்று ஒரு சத்தம். கரண்ட் வந்துவிட்டது.